கேட்பவருக்கு ஒரு வேலை

ஆடி பிறந்துவிட்டால் தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடிப் பக்கங்களில் வாரக் கடைசி இரவுகளில் ஏதாவது ஒரு தெரு போக்குவரத்துக்கு அடைபட்டிருக்கும். தெருமுனையில் சீரியல் விளக்குகளால் ஆன அம்மன் உருவம் மின்னிக்கொண்டிருக்கும். பகலில் கூழ் ஊற்றிய அண்டாக்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். தெருவின் அகலம் முழுவதையும் அடைத்துப் போட்ட மேடையில் ஒரு மெல்லிசைக் குழுவினர் மைக்கைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் பாட்டு தொடங்குவதற்குள் அந்தத் தெருவுக்குச் சம்பந்தமே இல்லாத பலர் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார்கள். துறைமுகத்தில் ஷிப்டு முடிந்து திரும்பும் தொழிலாளி, கொருக்குப்பேட்டைக்குப் போக வழியில்லாமல் வண்டியை ஓரம் கட்டியவர், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்து ஒரே அறையில் தங்கியிருக்கும் இளைஞர்கள், பேரனைத் தேடி வந்து பேரனை மறந்து நிற்கும் கிழவி என்று எல்லோரும் அங்கே இருப்பார்கள். அரை மணி நேரத்தில் அவர்களுக்குள் பேச்சு தொடங்கியிருக்கும்.

இசைக்கு மொழியில்லை, இனமில்லை, அதனால் அது மனிதர்களை இணைக்கிறது என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். மேடைப் பேச்சாளர்கள் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஷேர் ஆட்டோதான் நினைவுக்கு வரும். மணிக்கூண்டிலிருந்து திருவொற்றியூர் போகும் ஷேர் ஆட்டோவில் அதே பாட்டுதான் ஓடுகிறது. முழங்காலோடு முழங்கால் இடிக்க அத்தனை பேர் அதைக் கேட்டுக்கொண்டுதான் போகிறோம். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுகூட இல்லை. அதே பாட்டைத் தெருவில் ஒரு குழு சுமாராக, சரணத்தில் ஓரிரு சொற்களை விழுங்கிப் பாடும்போது, முன்பின் தெரியாத பெண் ஒருத்தி என் பக்கம் திரும்பி, "யக்கா, இவனக் கொஞ்சம் புடி, தோ வந்துடறேன்" என்று குழந்தையை என் இடுப்பில் ஏற்றிவிட்டுப் போகிறாள். பாட்டு ஒன்றுதான் என்னும்போது இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பாட்டில் இருக்க முடியாது.

எனக்குத் தோன்றும் காரணம் இது. ஆட்டோவில் கேட்பவருக்கு எந்த வேலையும் இல்லை. தெருக்கச்சேரியில் உண்டு. கைதட்ட வேண்டும், விசில் அடிக்க வேண்டும், பாடகர் மைக்கை நீட்டும்போது விட்ட இடத்திலிருந்து பாட வேண்டும், குள்ளமானவர்களுக்கு வழி விட வேண்டும், நாற்காலியைக் கைமாற்ற வேண்டும், ஆடும் பையன்கள் மேடைக் கம்பத்தில் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே காரியத்தில் கை வைத்தவர்கள் பேசிக்கொள்வதற்கு அறிமுகம் தேவைப்படுவதில்லை. நேரடி இசை அந்நியர்களைச் சேர்க்கிறது என்றால், அது கேட்பவர்களிடம் ஒரு வேலையைக் கொடுக்கும் அளவுக்குத்தான் சேர்க்கிறது என்று நான் நம்புகிறேன்.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது வடசென்னையின் கானாதான். சினிமாவில் வரும் கானாவை விட்டுவிட்டு, சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்படும் மரண கானாவை எடுத்துக்கொள்வோம். நல்லதுக்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது நம் வழக்கம். அதனால் சாவு வீடு, இந்த நகரத்தில் எவர் வேண்டுமானாலும் போய் உட்காரக்கூடிய இடமாக இருக்கிறது. தெருவில் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி, உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார்கள். வெளியூரிலிருந்து மகனோ மகளோ வந்து சேரும்வரை இரவைக் கழித்தாக வேண்டும். உடலைத் தனியே விடக் கூடாது. விழித்திருப்பவர்களுக்குத் தூக்கம் வரக் கூடாது. பாடகர் அங்கே வருவது அஞ்சலி செலுத்துவதற்காக மட்டும் இல்லை, அந்தத் தெருவைத் தூங்கவிடாமல் வைப்பதற்காகவும்தான்.

அவர் வந்தவுடன் செய்யும் முதல் காரியம் விசாரிப்பது. இறந்தவர் பெயர் என்ன, மார்க்கெட்டில் மூட்டை தூக்கினாரா, மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்தாரா, பிள்ளைகள் எத்தனை, மருமகன் பெயர் என்ன, யாரோடு சண்டை, யாரோடு சிநேகம் என்று கேட்டு வைத்துக்கொள்வார். பிறகு பாட்டுக்குள் அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். தன் பெயர் பாட்டில் வந்ததும் அந்த உறவினர் எழுந்து வந்து பாடகரின் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார். மெட்டு பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒரு பழைய மெட்டாகத்தான் இருக்கும். அதனால் இரண்டாம் முறை பல்லவி வரும்போது கடைசிச் சொற்களைக் கூட்டம் எடுத்துக்கொள்ளும். பாடகர் வேண்டுமென்றே அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார். சட்டி, கட்டைமோளம் மாதிரி தாள வாத்தியம் இருந்தால் அதன் அடி. இல்லாவிட்டால் நாற்காலியின் முதுகு, தண்ணீர் கேன், தீப்பெட்டி எதுவும் வாத்தியம்தான். வழியில் போகிற போக்கில் உட்கார்ந்த ஆட்டோக்காரர், இறந்தவரை ஒரு முறைகூடப் பார்க்காதவர், பத்து நிமிடத்தில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, இறந்தவரின் பேத்திகள் பெயரை வரிசையாகச் சொல்லக்கூடியவராக ஆகிவிடுவார். விடியற்காலையில் டீ வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பவரும் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

அதே வீட்டின் உள்ளே, ஐஸ் பெட்டியைச் சுற்றி இன்னொரு இசை நடந்துகொண்டிருக்கும். ஒப்பாரியை யாரும் கச்சேரி என்று சொல்வதில்லை. ஆனால் முன்னெடுத்துப் பாட ஒருத்தி, பின்தொடர்ந்து சேர்ந்து பாட ஒரு வட்டம், மூச்சுவிடும் இடங்கள், மார்பில் விழும் அடியின் தாளம் எல்லாம் அதில் இருக்கின்றன. புதிதாக ஒரு பெண் வாசலில் நுழைந்தால் வட்டம் விலகி இடம் கொடுக்கும். யார், என்ன உறவு என்று எவரும் கேட்பதில்லை. அவள் இருபுறமும் தோள்களில் கைபோட்டுக்கொண்டு தலையைச் சாய்த்தால் போதும், அந்த அசைவில் கலந்துவிடுவாள். அவள் அழுவது பெட்டியில் இருப்பவருக்காக இல்லாமலும் போகலாம். என் அம்மா, பக்கத்துத் தெருவில் யாரோ ஒரு பெரியவரின் சாவுக்குப் போய், சிறு வயதிலேயே போய்விட்ட தன் தம்பியின் பெயரைச் சொல்லி அழுதுவிட்டு வந்தார். அருகில் இருந்தவர்கள் அதை வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவே இல்லை. தம்பிக்கும் சேர்த்து இரண்டு அடி பாடியிருக்கிறார்கள். வெளியே ஆண்களின் கானா, உள்ளே பெண்களின் ஒப்பாரி என்ற இந்தப் பங்கீட்டைப் பற்றி எனக்குச் சில வருத்தங்கள் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆய்வாளர்களும் இந்தத் திசையில் சில முடிவுகளைக் கண்டிருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று 2015இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகத் தொடங்கிய முதியோர் கல்வி வகுப்புகளில் சிலவற்றில் பாட்டும், சிலவற்றில் கைவினையும் எழுத்தும் கற்பித்து, மாணவர்களிடையே நெருக்கம் எப்படி வளர்கிறது என்று ஏழு மாதங்கள் பார்த்தார்கள். ஏழு மாத முடிவில் எல்லா வகுப்புகளிலும் நெருக்கம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. ஆனால் பாட்டு வகுப்பினர் மட்டும் முதல் மாதத்திலேயே நெருங்கிவிட்டிருந்தார்கள். பாட்டு ஆழமான உறவைத் தருகிறது என்பதற்கு அந்த ஆய்வில் ஆதாரமில்லை. விரைவாகத் தருகிறது என்பதற்கு உண்டு. ஒரே இரவு மட்டும் கூடிக் கலையும் கூட்டத்துக்கு விரைவுதானே முக்கியம்.

ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்து ஆய்வாளர்கள் 2013இல், சேர்ந்து பாடும் இளைஞர்களின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது, துடிப்பின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தி வந்தன. இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரே அடியைப் பாடுபவர்கள் ஒரே இடத்தில் மூச்சு விடுகிறார்கள். மூச்சின் போக்கில் இதயம் வேகம் கூட்டிக் குறைக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை இன்னும் சுவாரசியமானது. ஒரு மின்னணு இசைக் கச்சேரியின் நடுவே, காதுக்குக் கேட்காத அளவு தாழ்ந்த அதிர்வுகளைத் தரும் ஸ்பீக்கர்களை இரண்டரை நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றி மாற்றிப் போட்டும் அணைத்தும் பார்த்தார்கள். அவை ஓடியபோது பார்வையாளர்களின் அசைவு 11.8 விழுக்காடு கூடியிருந்தது. அந்த ஸ்பீக்கர்கள் ஓடுவதை அவர்கள் உணர்ந்ததாகவே தெரியவில்லை. 2022இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது, எங்கள் பகுதி சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பேஸ் பாக்ஸ்களைச் சுவர் மாதிரி அடுக்குவதன் நியாயம் எனக்கு விளங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது என்று புகார் சொல்பவரின் காலும் அந்த நேரத்தில் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு காலத்தில் எல்லா இசையும் நேரடி இசைதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் வாடையால் அறியப்படும் மணலி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலியார் குடும்பம் ஒன்றின் ஆதரவில் இசைவாணர்கள் தங்கிய ஊர். ராமசாமி தீட்சிதரின் குடும்பம் அங்கே இருந்தபோதுதான், அவருடைய மகன்கள் கோட்டையில் ஆங்கிலேயப் படையின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டார்கள். மூத்தவர் முத்துசாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், எழுதினார். நோட்டுசுரங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுபவை அவை. அவற்றில் ஒன்று ஆங்கிலேய அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்தது. தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். கோட்டையின் சிப்பாய்க்கும் மணலியின் வித்வானுக்கும் பொதுமொழி கிடையாது; ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடித்திருக்கப் போவதும் இல்லை. ஆனால் கேட்டவர்கள் தாங்கள் கேட்டதைக் கொண்டுபோய் ஏதோ செய்தார்கள். கடற்கரையோரமாகக் கொஞ்ச தூரம் தள்ளி, திருவொற்றியூரில், தன் சீடர் வீணை குப்பையரைப் பார்க்க வந்த தியாகராஜர் வடிவுடையம்மன் மீது ஐந்து கிருதிகள் பாடியிருக்கிறார். வடசென்னைக்கு இசை என்றால் கானா மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

சபாக் கச்சேரியிலும் கேட்பவருக்கு வேலை உண்டு. தொடையில் தாளம் போடுவதுதான் அது. பக்கத்து நாற்காலிக்காரர் எண்ணிக்கையில் தவறினால் நாம் அவர் கையைப் பார்ப்போம், அவர் நம் கையைப் பார்ப்பார், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் முடிவில் இருவரும் ஒரே அடியில் வந்து இறங்கிவிட்டால் ஒரு புன்னகை. ஆனால் அந்த வேலையைச் செய்யப் பல வருடப் பயிற்சி வேண்டும். பயிற்சி இல்லாதவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். டிசம்பர் இரவுகளில் பெரம்பூரிலும் ராயபுரத்திலும் லோடு வேனில் கீபோர்டோடு சுற்றிவரும் கேரல் குழுவினரைச் சுற்றி நிற்கவோ, நவராத்திரியில் சௌகார்பேட்டையில் கோலாட்டக் கம்பைப் பிடிக்கவோ, ரமலான் மாதத்தில் சஹர் நேரத்தில் தப்ஸ் தட்டிக்கொண்டு வரும் பக்கீருக்குக் கதவைத் திறந்து காசு போடவோ யாருக்கும் பயிற்சி தேவையில்லை. திராவிடக் கட்சிக் கூட்டங்களில் தலைவர் வருவதற்கு முன்னால் நாகூர் ஹனிபா பாடினார் என்றால், அது கூட்டத்தை உட்கார வைப்பதற்கு மட்டுமல்ல. அந்தக் குரலுக்குப் பின்னால் சேர்ந்து பாடிய பிறகு, அடுத்து வரும் பேச்சுக்கு அவர்கள் ஒரே கூட்டமாக இருந்தார்கள். அரசியல்வாதிகள் இந்தச் சூட்சுமத்தை ஆய்வாளர்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

இனி வருத்தங்கள். இசை அந்நியர்களைச் சேர்க்கும்போது, யாரை முதலில் வெளியே நிறுத்திவிட்டுச் சேர்க்கிறது என்று பார்க்காமல் இதைப் பேசுவது நேர்மையாகாது. பறை அடித்தவர் கூட்டத்தின் நடுவில் நின்று வாசித்தார். ஆனால் பந்தியில் அவருக்கு இடம் வெளியேதான். அவருடைய அடிக்கு ஊரே ஆடியது. ஊர் அவரைத் தொட்டதில்லை. கானாவையும் பல ஆண்டுகள் ரவுடிப் பாட்டு, குடிகாரப் பாட்டு என்றே நகரம் ஒதுக்கி வைத்திருந்தது. வேலை கொடுப்பவரையே கூட்டத்திலிருந்து தள்ளி வைக்கும் இந்த வித்தையை நம் சமூகம் நன்றாகப் பழகியிருக்கிறது.

இதை நேருக்கு நேர் எதிர்த்து வந்ததால்தான் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்த தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் கச்சேரி முக்கியமாகிறது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் குழு, சாதியற்ற தமிழர்கள் என்ற, சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாச பண்டிதரின் சொல்லிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது. கானாப் பாடகர்கள், சட்டி, பறை, கிதார், ராப் எல்லாம் ஒரே மேடையில். இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பற்றிய பாட்டுகளை முதல் முறையாகக் கேட்பவர்களும், அந்த வாழ்க்கையையே வாழ்பவர்களும் தோளோடு தோள் நின்றார்கள். தெருவோடு முடிந்துபோகும் ஒற்றுமைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு: இங்கே சேர்ந்து பாட வேண்டிய வரியே, இதுவரை பேசாமல் விட்டதைப் பேச வைக்கும் வரியாக இருந்தது. கையைத் தூக்கிப் பாடுவதா, இறக்கிக்கொள்வதா என்று ஒவ்வொருவரும் நின்ற இடத்திலேயே முடிவெடுக்க வேண்டியிருந்தது. சிலர் இறக்கிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அதுவும் நல்லதுதான்; எல்லோரும் எளிதாகத் தலையாட்டிவிடும் பாட்டில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 2020 டிசம்பரிலிருந்து மார்கழியில் மக்களிசை என்ற பெயரில், சபாக்களின் பருவத்திலேயே நாட்டுப்புற, கானாக் கலைஞர்களுக்கு மேடை கிடைத்துவருவது அதன் தொடர்ச்சி.

அந்தக் குழுவில் பாடிய பெண் இசைவாணி. வடசென்னையின் கானாவில் பெண் குரல் அரிதாக இருந்த நிலையில் மேடையேறியவர்; 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். அவர் மேடையேறியது எங்களுக்கு ஏன் பெரிய செய்தி என்பது எங்கள் தெருக்களின் அமைப்பைப் பார்த்தால் புரியும். தெருவில் கச்சேரி நடந்தால் தெரு ஆண்களுடையது. பெண்கள் மொட்டை மாடியிலும் வாசற்படியிலும் நிற்கிறோம். குழந்தைகளும் கிழவிகளும் மட்டும் முன்வரிசையில் உட்காரலாம். பதினைந்து வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்ட ஒரு பெண் மேடைக்கு முன்னால் ஆடினாள் என்றால் மறுநாள் முழுக்க அதுதான் பேச்சு.

ஆனால் மொட்டை மாடியையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் பகுதியில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்கு முழங்கால் உயரக் கைப்பிடிச்சுவரைத் தாண்டினால் போதும். கச்சேரி நாளில், மேடை நன்றாகத் தெரியும் மாடி எதுவோ அங்கே தெருவின் பெண்கள் அத்தனை பேரும் வந்து சேர்வார்கள். வாடகைக்குப் புதிதாக வந்தவள், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், விருந்தாளியாக வந்தவளின் நாத்தனார் எல்லோரும் வீட்டுக்காரம்மாவின் பாயில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பார்கள். கீழே ஆண்களின் கூட்டம் ஆடுவதற்கு மேலே எங்கள் விமர்சனம் நடக்கும்: இந்தப் பாடகருக்கு மேல் சுரம் எட்டவில்லை, அந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை, அவன் அப்பனும் இப்படித்தான் ஆடுவான். இருட்டில் யாரும் பார்க்காத இடத்தில் சில பெண்கள் எழுந்து ஆடுவதும் உண்டு. அவர்களை மறைத்து வட்டமாக நின்றுகொள்வதுதான் அங்கே மற்றவர்களுக்குக் கிடைக்கும் வேலை.

ஒலியின் மறுபக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலாச்சார நிகழ்வுகளுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். நெஞ்சுவலிக்காரரும் மறுநாள் தேர்வு எழுதுபவரும் இருக்கும் தெருவில் இந்த விதி தேவையானதே. 10 மணிக்குக் காவலர் வந்து நின்றதும் மைக் அணைக்கப்பட்டு, கூட்டம் வெறும் கைத்தாளத்தில் கடைசிப் பாட்டை முடிக்கும்போது எனக்கு அந்தக் கச்சேரியின் சிறந்த பகுதி அதுவாகவே தோன்றியிருக்கிறது.

இப்போது நகரத்தின் தென்பகுதியிலும் புறநகரிலும் நடக்கும் பெரிய இசை நிகழ்ச்சிகளுக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போகிறார்கள். வெள்ளி, தங்கம், வைரம் என்று தடுப்புகளால் பிரித்த மைதானத்தில், தூரத்துத் திரையைக் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போய் வந்தவர்களிடம் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேட்டால் தெரிவதில்லை. இரண்டு கையும் கைபேசியில் இருந்தால் குழந்தையை யாரிடம் கொடுப்பது, யாரிடம் வாங்குவது?

என்னிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போன பெண் அன்று வரச் சற்று நேரம் ஆனது. அதற்குள் அவன் என் துப்பட்டாவை வாயில் வைத்துக் குதப்பியிருந்தான். பிறகு காசிமேட்டில் மீன் விற்கும் வரிசையில் அவளை அடையாளம் கண்டேன். அவள் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவளுக்குத் தெரியாது. ஆடியில் இந்த முறை எந்தக் குழு வருகிறது, போன முறை பாடியவனைக் கூப்பிடக் கூடாது என்பது வரை எங்களுக்குள் பேச்சு இருக்கிறது. வஞ்சிரத்தின் விலையில் மட்டும் அவள் பத்து ரூபாய்கூடக் குறைத்ததில்லை.